பகிடியும் பரிகாசமும்



ஒழுங்கையால் ஒருவர் ஊன்றுகோலுடன் போகிறார். மதிலோரம் நிற்கும் சிறுவர்களுள் ஒருவன் அவருக்குத் தெளித்த பட்டத்தை உரத்துச் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்கிறான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். விறாந்தையிலிருந்து இதைக் காணும் தகப்பனார் "டேய்!" என்று ஓர் அதட்டுப் போடுகிறார், ஆனால் அவருடைய உதட்டோரத்திலும் ஒரு சிரிப்பு. பிள்ளைகள் அதட்டலைக் கேட்பதில்லை. அந்த உதட்டோரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அதே மனிதர் மாலையில் வாசிகசாலை வாங்கில் கூட்டாளிகளோடு இருக்கிறார். மழை வருமா என்று பேச்சு எழுகிறது. "வானொலிக்காரனுக்கு முதல் என்ரை காலுக்குத் தெரியும். அது நேற்றே சொல்லிப்போட்டுது" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார்.

இரண்டும் ஒரே காலைப் பற்றிய சிரிப்புத்தான். முதலாவது அவரை ஊருக்கு வெளியே தள்ளியது. இரண்டாவது அவரைக் கூட்டத்தின் நடுவில் இருத்தியது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? இதனை நமக்கு விளங்கவைக்கக்கூடிய ஒரு மனிதரின் கதையை இவ்வாரம் படிப்போம். அவர் புனிதரல்லர். அவர் வரைந்த படங்கள் எல்லாவற்றையும் நம் வீட்டுச் சுவரில் மாட்டவும் முடியாது. ஆயினும் அவரிடம் கற்க ஒரு பாடம் உண்டு.

கன்னியரிடம் படித்த பையன்

ஜோன் கலஹன் 1951ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் நாள் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலுள்ள போட்லண்ட் நகரில் பிறந்தார். பெற்ற தாயிடம் அவர் வளரவில்லை. ஒரு கத்தோலிக்கத் தம்பதியர் குழந்தையாக இருந்த அவரைத் தத்தெடுத்து, த டாலஸ் என்னும் சிறிய ஊரில் வளர்த்தனர். கன்னியர் கற்பித்த பாடசாலையில் படித்தார். சிறு வயதிலேயே படம் கீறும் பழக்கம் அவருக்கு இருந்தது. பன்னிரண்டு வயதில் இன்னொரு பழக்கமும் வந்து சேர்ந்தது. அது குடி.

1972ஆம் ஆண்டு, அவருக்கு வயது 21. கலிபோர்னியாவில் பகல் முழுவதும் குடித்துத் திரிந்துவிட்டு, அறிமுகமான ஒருவரோடு தமது வொக்ஸ்வாகன் காரில் ஏறினார். ஓட்டியவர் மற்றவர், அவருக்கும் நல்ல வெறி. மணிக்கு ஏறக்குறைய 90 மைல் வேகத்தில் கார் ஒரு கம்பத்தில் மோதியது. கலஹனின் கழுத்துப் பகுதியில் முள்ளந்தண்டு வடம் அறுந்தது.

முள்ளந்தண்டு வடம் என்பது மூளையிலிருந்து உடலுக்குக் கட்டளைகளைக் கொண்டுசெல்லும் நரம்புக் கற்றை. இடுப்புப் பகுதியில் அது சேதமுற்றால் கால்கள் செயலிழக்கும். கழுத்தில் சேதமுற்றால் கைகளும் சேர்ந்து பாதிக்கப்படும். அறுந்த வடத்தை மீண்டும் பொருத்தும் வைத்தியம் இன்றுவரை இல்லை. நீண்டகாலப் பயிற்சியின் பின் கலஹனுக்குத் தோள்களும் புயங்களும் ஓரளவு இயங்கின. விரல்கள் ஒரு பொருளை இறுகப் பற்றவில்லை. மீதி வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலிதான்.

இவ்வளவு நடந்தபின் அவர் குடியை விட்டிருப்பார் என்று எண்ணுகிறீர்களா? இல்லை. அதன் பிறகும் ஆறு ஆண்டுகள் குடித்தார். போத்தலைத் திறக்கவும் இயலாத நிலையிலும் குடித்தார். குடி ஒரு கெட்ட புத்தி, ஓர் அடி விழுந்தால் தெளிந்துவிடும் என்று நம்மவர் நினைப்பதுண்டு. வாழ்க்கையில் விழக்கூடிய அடிகளுள் மிகப் பெரிய அடி இவருக்கு விழுந்தது. அது தெளிவிக்கவில்லை.

1978ஆம் ஆண்டு ஒருநாள், வீட்டில் தனியாக இருந்தபோது, ஒரு வைன் போத்தலைத் திறக்க முயன்றார். அது நழுவி விழுந்து எட்டாத இடத்திற்கு உருண்டு போயிற்று. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, எடுக்க முடியவில்லை. கடவுளைத் திட்டித் தீர்த்தார், பின்பு அழுதார். அந்த அழுகையின் பின்னர்தான் 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' என்னும் குடிநோயாளர் தோழமைக் குழுவிடம் உதவி கேட்டார். அப்போது அவருக்கு வயது 27.

இரண்டு கைகளால் ஒரு பேனா

குடியை விட்டபின் போட்லண்ட் அரச பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1983இல் ஆங்கிலத்தில் பட்டம் பெற்றார். அங்கேயே மாணவர் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் வரையத் தொடங்கினார். வலக்கை விரல்களுக்கிடையில் பேனாவைச் செருகி, இடக்கையால் அந்த வலக்கையைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு கோடாகக் கீறுவார். கோடுகள் நடுங்கும், உருவங்கள் சிறுபிள்ளை வரைந்தவை போலிருக்கும். 1983 முதல் 'வில்லமெற் வீக்' என்னும் போட்லண்ட் வாரப் பத்திரிகை அவற்றை 27 ஆண்டுகள் வெளியிட்டது. பிற ஊர்களின் பத்திரிகைகள் பலவும் வெளியிட்டன. 2010ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள், 59ஆவது வயதில் அவர் இறந்தார்.

அந்தப் படங்கள் எதைப் பற்றியவை? கண் தெரியாதவர், கையிழந்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், குடிகாரர். அதாவது, நம் வீடுகளில் குரலைத் தாழ்த்திப் பேசும் எல்லாவற்றையும் அவர் உரத்துப் பேசினார். சிலவற்றைப் பார்ப்போம்.

முதலாவது. பாலைவனம். குதிரைகளில் வந்த காவல்படையினர் ஒரு குற்றவாளியைத் துரத்துகின்றனர். அவர்கள் முன்னால் ஒரு வெறுமையான சக்கர நாற்காலி கிடக்கிறது. கவலைப்படாதீர்கள், நடந்து வெகுதூரம் போயிருக்க மாட்டான் என்று தலைவன் தன் ஆட்களுக்குச் சொல்கிறான். பின்னர் தமது வாழ்க்கை வரலாற்று நூலுக்கும் கலஹன் இதே வாசகத்தைத் தலைப்பாக இட்டார். 2018இல் கஸ் வான் சாண்ட் இயக்கி, வாக்கீன் பீனிக்ஸ் நடித்த திரைப்படத்துக்கும் அதுவே பெயர்.

இரண்டாவது. ஒரு மதுச்சாலை. இரண்டு கைகளும் இல்லாது, அவற்றுக்குப் பதிலாகக் கொக்கிகள் பொருத்திய ஒருவர் குடிக்கக் கேட்கிறார். உன்னால் மதுவைப் பிடிக்க முடியாது என்று கடைக்காரர் மறுத்துவிடுகிறார். ஆங்கிலத்தில் மதுவைப் பிடித்தல் என்றால், குடித்தும் தள்ளாடாமல் நிற்றல் என்றும் ஒரு பொருளுண்டு. கைகளால் கிண்ணத்தைப் பிடிக்க முடியாதவரும், குடித்தால் தன்னைத்தான் பிடிக்க முடியாதவரும் அந்த ஒரு சொல்லில் சந்திக்கிறார்கள். கலஹன் இருவருமாக இருந்தவர்.

மூன்றாவது. தெருவோரத்தில் கண் தெரியாத ஒரு கறுப்பின மனிதர் பிச்சைக்கு இருக்கிறார். தாம் குருடர், கறுப்பர், ஆனால் இசை தெரியாதவர் என்று அவருடைய பலகை சொல்கிறது. ரே சார்ள்ஸ், ஸ்ரீவி வொண்டர் ஆகிய இரு புகழ்பெற்ற பாடகர்களும் கண்பார்வையற்ற கறுப்பினத்தவர்கள். ஆகவே கண் தெரியாத கறுப்பரைக் கண்டால், இவரும் பாடுவார் என்று வழிப்போக்கர் எதிர்பார்க்கின்றனர். இந்தப் பகிடி விழுவது பிச்சைக்காரர் மேலா, வழிப்போக்கர் மேலா? நன்றாக நோக்குங்கள்.

அடி யார் மேல் விழுகிறது?

இங்கேதான் நம் பாடம் தொடங்குகிறது. ஒழுங்கைச் சிறுவனின் சொல் அந்த மனிதரின் மேல் விழுந்தது. கலஹனின் நல்ல படங்களில் அடி வேறிடத்தில் விழுகிறது. அவரைப் பார்த்துப் பதறும் நம்மேல் விழுகிறது. கையிழந்தவர் எல்லோரும் சாதுக்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர் எல்லோரும் துயரமே உருவானவர்கள் என்று நாம் செய்துவைத்த பொம்மைமேல் விழுகிறது. அவர் படத்தில் சக்கர நாற்காலிக்காரன் ஒரு கள்ளனாகவும் இருக்கலாம்! தப்பி ஓடுகிறவனாகவும் இருக்கலாம்! அதாவது, மற்ற மனிதரைப் போன்ற ஒரு மனிதன்.

பத்திரிகைகளுக்குக் கோபக் கடிதங்கள் வந்தன. உமது படம் எல்லை மீறவில்லையா என்று கேட்டபோது அவர் தந்த மறுமொழியின் சாரம் இது: சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் கைக்குப் பதில் கொக்கி அணிந்தவர்களும் என்ன சொல்கிறார்கள் என்பதே தமக்கு அளவுகோல், அவர்கள் சார்பில் பேசவரும் மற்றவர்களின் இரக்கப் பேச்சுத்தான் தமக்கு அருவருப்பு. எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா என்று நம்மவர் சொல்வார்கள். இங்கே புண்ணைப் பற்றிப் பேசியது எருது. காக்கை அல்ல.

ஆனால் இந்த அளவுகோல் முழுவதும் போதுமானதா? போதாது என்றே நாம் சொல்ல வேண்டும். தமது துன்பத்தைப் பற்றிப் பகிடி விடும் உரிமை அவருக்கிருந்தது. ஆயினும் அவர் தம்முடையதல்லாத துன்பங்களையும் வேறு இனத்தவரையும் சமய நம்பிக்கைகளையும் விட்டுவைக்கவில்லை. அவற்றுள் சில வெறும் சீண்டல்கள். கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடும். தான் அடிபட்டவன் என்பதனால் எவரையும் அடிக்கலாம் என்று ஆகிவிடாது.

அதைவிட நம்மைத் தொடும் எச்சரிக்கை ஒன்றுண்டு. வாசிகசாலை வாங்கில் அந்த மனிதர் தம் காலைப் பற்றிச் சொன்ன பகிடியை, மறுநாள் நாம் எடுத்து அவரிடமே சொன்னால் அது பகிடியாக இராது. சொல் ஒன்றுதான்; வாய் வேறு. அவர் சிரித்தது நமக்குத் தந்த அனுமதிச் சீட்டு அல்ல. பிறர் சிரிக்குமுன் தாமே சிரித்துவிட்டால் வலி குறையுமென்று முந்திக்கொள்பவர்களும் உண்டு.

திருவள்ளுவர் இந்த இரண்டு சிரிப்பையும் அறிந்திருந்தார். 'இடுக்கண் அழியாமை' என்னும் 63ஆம் அதிகாரத்தைத் துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்லித் தொடங்குகிறார். 'பண்புடைமை' என்னும் 100ஆம் அதிகாரத்திலோ, விளையாட்டாகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பமே தரும் என்கிறார். தன் துன்பத்தைப் பார்த்துச் சிரிப்பது வீரம். பிறர் துன்பத்தைப் பார்த்துச் சிரிப்பது பண்பின்மை.

லேவியர் ஆகமம் 19ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்தை இன்றிரவு வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள். காது கேளாதவரைச் சபிக்கவும், கண் தெரியாதவரின் வழியில் இடறுகல் வைக்கவும் கடவுள் தடை விதிக்கிறார். இந்த இரண்டும் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டன? செவிடருக்கு யார் சபித்தார் என்று தெரியாது. குருடருக்குக் கல் வைத்தவர் யாரென்று தெரியாது. திருப்பிக் கேட்க முடியாதவரைச் சீண்டுதல் என்பதே அக்குற்றத்தின் சாரம். ஒளிந்து நின்று பட்டம் சொன்ன சிறுவன் செய்ததும் அதுவே.

வெறிக்குட்டியைப் பார்த்துச் சிரித்தல்

குடியைப் பற்றிய சிரிப்பு இன்னும் சிக்கலானது. நமது திரைப்படங்களிலும் மேடை நாடகங்களிலும் தள்ளாடி வரும் குடிகாரன் சிரிப்புக்கென்றே வருகிறவன். வேட்டி நழுவும்; விளக்குக் கம்பத்தோடு பேசுவான்; சபை கொல்லென்று சிரிக்கும். அந்தச் சபையில் ஒரு பிள்ளை சிரியாமல் இருந்தால் கவனியுங்கள். அந்தத் தள்ளாட்டம் இரவு பத்து மணிக்குத் தன் வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு வரும் என்பதை அது அறியும். படலைச் சத்தத்திலேயே இன்று எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கணக்கிடத் தெரிந்த பிள்ளை அது.

குடிப்பவரும் தம்மைப் பற்றிப் பகிடி விடுவார். "நான் குடியை விட்டால் தவறணைக்காரன் பட்டினி கிடப்பான்" என்பார். வீட்டாரும் சேர்ந்து சிரிப்பார்கள். இந்தச் சிரிப்பு ஒரு திரை. கேட்கவேண்டிய கேள்வியை அது மறைக்கிறது. கலஹனோ குடியை விட்ட பின்னரே குடியைப் பற்றி வரைந்தார். குடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு உண்மையை மூடியது. விட்டபின் சிரித்த சிரிப்பு உண்மையைத் திறந்தது. பகிடி ஒன்றே, அது எந்தக் காலத்தில், எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதில்தான் நன்மையும் தீமையும்.

அவருக்குக் கைகொடுத்த தோழமைக் குழு 1935இல் அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்து அக்ரன் நகரில் தொடங்கியது. பில் வில்சன் என்னும் வணிகரும் பொப் சிமித் என்னும் வைத்தியரும் அதன் நிறுவனர்கள். இருவருமே குடியால் சீரழிந்து மீண்டவர்கள். அக்காலத்தில் பல வைத்தியசாலைகள் குடிநோயாளரை ஏற்கமாட்டா. 1939இல் அக்ரன் நகரின் புனித தோமையார் வைத்தியசாலையில் அனுமதிப் பொறுப்பில் இருந்த அருட்சகோதரி இக்னேசியா, வைத்தியர் சிமித்தின் வேண்டுகோளுக்கிணங்கி ஒரு குடிநோயாளரை வயிற்று அழற்சி என்று பதிந்து உள்ளே எடுத்தார். அந்தச் சின்னத் தந்திரத்தின் வழியாகப் பின்னர் ஆயிரக்கணக்கானோர் சுகம் தேடி அங்கே வந்தனர். குடிக்கு அடிமையாதல் ஒரு நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956இல் அறிவித்தது. அருட்சகோதரி அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே அவ்வாறு நடந்துகொண்டார்.

இக்குழுவின் கூட்டத்துக்கு முதன்முறை வருபவர்கள் வியப்பது அங்கே எழும் சிரிப்பைக் கண்டுதான். ஒருவர் தாம் குடியில் செய்த மூடத்தனத்தைச் சொல்வார். மற்றவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அவமானப்படுத்தும் சிரிப்பு அல்ல அது. நானும் அப்படித்தான் என்று ஒப்புக்கொள்ளும் சிரிப்பு. அங்கே சிரிக்கும் ஒவ்வொருவரும் தம்மைப் பார்த்தே சிரிக்கிறார்கள்.

இரக்கமும் ஒரு பரிகாசமாகலாம்

பட்டம் சொல்லாமல் விட்டால் நம் கடமை முடிந்ததா? முப்பது ஆண்டுப் போர் 2009இல் முடிந்தபின், கால் இழந்தவர் இல்லாத ஊர் நம் பகுதியில் அரிது. முன்பு வலது குறைந்தோர் என்றோம். இன்று மாற்றுவலுவுள்ளோர் என்கிறோம். சொல் நல்லதாயிற்று. பார்வையும் மாறியதா? திருமண வீட்டில் அவரிடம் கேட்கவேண்டியதை அருகில் நிற்கும் மனைவியிடம் கேட்கிறோம்: "அண்ணை சாப்பிட்டாரோ?" அண்ணைக்குக் கால்தான் இல்லை, வாய் இருக்கிறது. "ஐயோ பாவம்" என்று அவர் காதுபடச் சொல்கிறோம். கலஹன் வெறுத்தது இதனைத்தான்.

எரிக்கோ நகரின் வெளியே கண் தெரியாத பர்த்திமேயு கூவியபோது நடந்ததை மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரம் கூறுகிறது. மக்கள் அவரை அடக்கினார்கள். யேசுவோ அவரை அழைத்து, தாம் என்ன செய்யவேண்டுமென்று அவரையே கேட்டார். கண் தெரியாதவருக்கு எது வேண்டும் என்பது வெளிப்படை அல்லவா? ஆயினும் கேட்டார். அவருடைய வாயிலிருந்தே அது வரவேண்டும் என்று காத்திருந்தார். அந்தக் கேள்வியில் இருக்கும் மரியாதைதான் இரக்கத்துக்கும் இரக்கப்பேச்சுக்கும் நடுவேயுள்ள கோடு.

வீட்டில் கைக்கொள்ள மூன்று அளவுகோல்கள்

பிள்ளைகள் ஒரு பகிடியை, ஒரு கேலிச்சித்திரத்தை, ஒரு திரைப்படக் காட்சியை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, பெற்றோர் உடனே தடைபோடவும் வேண்டாம். உடனே சிரிக்கவும் வேண்டாம். இம்மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: அடி யார் மேல் விழுகிறது? குறையுள்ளவர் மேலா, அவரைத் தவறாக நோக்குகிறவர் மேலா?

இரண்டு: அவர் இந்த அறையில் இருந்தால் இதைச் சொல்வோமா? சொன்னால் அவரும் சேர்ந்து சிரிப்பாரா, சிரிப்பதுபோல் நடிப்பாரா?

மூன்று: சிரித்து முடிந்தபின் அவர் நமக்குக் கிட்ட வந்தாரா, தூரப் போனாரா?

முதல் இரண்டில் சிலவேளை ஏமாறலாம். மூன்றாவது ஏமாற்றாது.

2000ஆம் ஆண்டில் கலஹனின் படைப்பை வைத்துச் சிறுவர்களுக்கான ஒரு தொலைக்காட்சிச் சித்திரத் தொடர் தொடங்கியது. அதன் நாயகன் பெல்ஸ்விக் என்னும் 13 வயதுப் பையன். அவன் சக்கர நாற்காலியில் இருப்பவன். பாடசாலை, கூட்டாளிகள், சண்டை, குறும்பு என்று எல்லாப் பையன்களுக்கும் உள்ள தொல்லைகளே அவனுக்கும் இருந்தன. அத்தொடரைப் பார்த்த பிள்ளைகள் சக்கர நாற்காலியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பெல்ஸ்விக்கோடு சேர்ந்து சிரித்தார்கள்.

நாளை அந்த ஒழுங்கையால் ஊன்றுகோல் சத்தம் கேட்கும்போது, தகப்பனார் விறாந்தையிலிருந்து எழும்பிப் படலையடிக்குப் போகட்டும். "அண்ணை, மழை வருமோ?" என்று அவரையே கேட்கட்டும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் ஊரில் யாருக்காவது உடற்குறையை வைத்துப் பட்டம் தெளிக்கப்பட்டுள்ளதா? அவருடைய உண்மையான பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

2. நம் வீட்டில் அல்லது சுற்றத்தில் ஒருவரின் குடியைச் சிரித்து மறைக்கிறோமா? சிரிப்பை நிறுத்திவிட்டு அவரோடு என்ன பேசலாம்?

3. மாற்றுவலுவுள்ள ஒருவருக்கு உதவ முன்வரும்போது, என்ன வேண்டுமென்று முதலில் அவரைக் கேட்கிறோமா?